நஸ்லியாவுக்குக் காட்டாத பாட்டு

பிலிமத்தலாவை,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுத பின்.

அன்புள்ள மகன் அஸ்ஃபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்பது கடிதத்தில் வழக்கம்தான். இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

போன் இருக்கும் காலத்தில் மாமா ஏன் காகிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போன் எடுத்தால் நான் "சொகமா மகன்?" என்பேன், நீங்கள் "சொகம் மாமா" என்பீர்கள், அத்தோடு நம் பேச்சு முடிந்துவிடும். உங்களோடு அறையில் இருக்கும் முஸ்அப் லீவு முடிந்து வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். அறையில் மற்றப் பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கல்யாண உடுப்பு அளவு பற்றிய கடிதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.

இங்கே ஒரு கிழமையாக விடாத மழை. கடையில் கூரைத் தகடும் தார்ப்பாயும் மட்டும்தான் போகின்றன. கண்டியில் கல்யாண மண்டபம் கிடைத்துவிட்டது. அழைப்பிதழின் மாதிரியையும் அச்சகத்தில் தந்துவிட்டார்கள். உங்கள் வாப்பாவின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, திருத்தச் சொன்னேன். திருத்தி வந்ததை மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்திருக்கிறேன், இன்னும் அச்சடிக்கச் சொல்லவில்லை. அச்சகத்துப் பொடியன் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டான். மழை விடட்டும் என்றேன். மழைக்கும் அச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் பேசி முடித்த அன்று, நிகாஹ் ஆகும்வரை நீங்களும் என் மகள் நஸ்லியாவும் போனில் பேச வேண்டாம் என்று சொன்னது நான்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது. நீங்களும் மறுபேச்சில்லாமல் சரி என்றீர்கள், அதனாலேயே உங்களை எனக்கு இன்னும் பிடித்துப்போனது. ஆனால் இந்த வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்ற ஒன்று என் கணக்கில் இருக்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலை மறந்த ஆள் நான்.

நீங்கள் முதல்முதல் அதில் போட்ட பாட்டு, மழை பெய்யும்போது ஒருத்தியின் வாசலுக்கு என்னைக் கொண்டுபோய் விடு என்று ஒருவன் காற்றிடம் கெஞ்சுவது. அன்று கண்டியில் நல்ல மழை. தோஹாவில் இருந்துகொண்டு எங்கள் ஊர் மழையைப் பார்த்துப் போட்டிருக்கிறார் என்று என் மனைவி றலியா தீர்ப்பே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் எங்கள் குசினி அடுப்போரம் விளக்கவுரை நடந்தது. தாயும் மகளும் ஒரு போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு, இந்த வரி இதற்கு, அந்த வரி அதற்கு என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் பத்திரிகைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மகள் சிரிக்கிற வீட்டில் எந்த வாப்பாவும் சட்டம் பேசமாட்டான்.

போன மாதம் நீங்கள் பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டீர்கள். நஸ்லியா அப்படித்தான் நினைக்கிறாள். "அவருக்கு சொகமில்லயோ உம்மா, ஒண்டுமே போடல்லயே" என்று றலியாவிடம் கேட்டாளாம். நடு இரவில் தஹஜ்ஜத் தொழ எழும்பி உங்களுக்காக துஆ கேட்கிறாள். இதையெல்லாம் நான் எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

ஆனால் நீங்கள் நிறுத்தவில்லை, மகன். என் தங்கை றுமைஸா உங்கள் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் அல்லவா, அவளுடைய போனில் உங்கள் பாட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நேற்று முன்தினம் கடைக்கு வந்து, கதவோரம் கதிரையை இழுத்துப் போட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நானா, நஸ்லியாட போன்ல இது விழல்ல. அவளுக்கு மட்டும் மறச்சிட்டுப் போட்டீக்கிறார்." அப்படி ஒருவருக்கு மட்டும் மறைக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தப் பாட்டைக் கேட்டேன். நீ நல்லவள், உன் விளக்கை ஏற்றி வைக்க நான் ஏற்ற ஆள் இல்லை, என் கையில் வேறு காற்று வீசுகிறது என்று ஒருவன் சொல்கிறான். அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பாட்டுப் பக்கமே போகாத நான், கல்லாவில் இருந்துகொண்டு முழுப்பாட்டையும் தேடிக் கேட்டேன். ஆணி வாங்க வந்த ஒரு அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். முழுப்பாட்டில் அவன் கடைசியில் திரும்பி வருகிறான். நீங்கள் அவன் திரும்பி வருவதற்கு முந்தின வரியோடு வெட்டியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஏன் வெட்டினீர்கள் என்பதுதான் இரண்டு நாளாக என் தலைக்குள் ஓடுகிறது.

எங்கள் லொறி ஓட்டும் ராஜலிங்கம் உங்களுக்குத் தெரியும். லொறியில் பாட்டு இல்லாமல் கியரே விழாது அவருக்கு. யாருடைய கதை என்று சொல்லாமல் கேட்டேன். "அது பொண்ணுக்குப் பாடுறது இல்லீங்க மொதலாளி. படத்துல கூட்டாளி செத்துப்போனதுக்கு அப்பறம், தன்னையே வெறுத்துப் பாடுவான்" என்றார். அன்று பகல் எனக்குச் சோறு இறங்கியது. உடனே உங்கள் வாப்பாவுக்குப் போன் எடுத்து, மழை பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசி, மகனின் கூட்டாளிகள் எல்லோரும் எப்படி என்று கேட்டேன். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், இரண்டு பேர் கல்யாணத்துக்கு லீவும் போட்டுவிட்டார்கள் என்றார். இராச்சோறு இறங்கவில்லை.

றலியாவிடம் பாட்டை மட்டும் காட்டினேன், மறைத்த விஷயத்தைச் சொல்லவில்லை. வேலையில் ஏதோ பிரச்சினை, பெண்வீட்டாருக்குத் தெரிந்தால் வெட்கம் என்று மறைக்கிறார் என்கிறாள். அவளுடைய தம்பிக்கு அப்படி நடந்தது. றுமைஸாவோ உங்கள் மனதில் வேறு யாரோ இருப்பதாகச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறாள். ஒவ்வொருவரும் தங்களுடைய பயத்தைத்தான் அந்தப் பாட்டுக்குள் வைத்துப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. என்னுடைய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நல்ல பிள்ளை. பெரியவர்கள் பேசி முடித்ததை மறுக்கத் தெரியாத பிள்ளை. நான் போன் பேச வேண்டாம் என்றபோது எப்படிச் சரி என்றீர்களோ, அதே மாதிரி இந்தக் கல்யாணத்துக்கும் சரி என்றிருப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. மரியாதைக்காக என் மகளைக் கல்யாணம் முடிக்க வேண்டாம், மகன். அது அவளுக்கு ஒரு மாதத்தில் விளங்கிவிடும். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கமாட்டாள், அவளை நான் வளர்த்த விதம் அப்படி.

வெறும் பாட்டு, பிடித்திருந்தது, போட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். அப்படி இருந்தால் நான் ஒரு பைத்தியக்காரன் என்று நினைத்துச் சிரித்துவிடுங்கள், எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. வேலைப் பிரச்சினை என்றாலும் வெட்கப்படாதீர்கள், கடையில் உங்களுக்கு இடம் இருக்கிறது.

ஆனால் றுமைஸா சொல்வதுதான் சரி என்றால், பாட்டால் சொல்லாமல் வாயால் என்னிடம் சொல்லுங்கள். நான் வேண்டாம் என்று சொன்னதாக ஊருக்குச் சொல்கிறேன். இந்தப் பாயிஸ் ஹாஜியார் பிடிவாதக்காரர், எதிலும் குறை பிடிப்பவர் என்று பள்ளிவாசலில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். உங்கள் வாப்பா ஏசினால் கேட்டுக்கொள்கிறேன். நஸ்லியா என்னோடு பேசமாட்டாள், ஒரு பெருநாளோ இரண்டு பெருநாளோ. உங்களை வெறுப்பதைவிட அவள் என்னை வெறுப்பது நல்லது. வாப்பாவை வெறுத்த பிள்ளை எப்படியும் ஒருநாள் திரும்பி வரும்.

இதை வாசித்த பிறகு ஒரு போன் எடுங்கள். உங்கள் மனதில் என் மகள் இருக்கிறாள் என்றால், என்னிடம் கேட்க வேண்டாம், நேராக அவளுக்கே எடுங்கள். அவளுடைய நம்பர்தான் உங்கள் போனிலேயே இருக்கிறதே. நான் போட்ட சட்டத்தை நானே எடுத்துவிட்டேன். இல்லை என்றால், எனக்கு எடுங்கள். நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். சலாம் சொன்னாலே போதும், விளங்கிக்கொள்வேன்.

அல்லாஹ் உங்களுக்கு எது நல்லதோ அதை லேசாக்கி வைக்கட்டும், நல்ல சுகத்தையும் மனநிம்மதியையும் தரட்டும். வெள்ளிக்கிழமை முழுதும் என் போன் கையிலேயே இருக்கும். அது அடிக்காமல் இருக்க நீங்களும் துஆச் செய்யுங்கள், மகன்.

இப்படிக்கு,
உங்கள் மாமாவாக இருக்க விரும்பும்,
பாயிஸ்.