மூன்றாவது கோடு

திங்கள், காலை 9.10

என் பெயர் மங்கையர்க்கரசி. ஒன்பதாம் வகுப்பு. இதை யார் கண்டெடுத்துப் படித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று உறுதி கூறுகிறேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன்.

இடம்: நிலவில் உள்ள இதய விடுதி. பூமியில் உடம்பின் எடையைச் சமாளிக்க முடியாத இதயங்கள் இங்கே கொஞ்சம் இளைப்பாறுகின்றன. விடுதியை மூடப்போகிறார்கள். மற்ற நோயாளிகளை வண்டியில் பெரிய நிலையத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். வண்டி நாளை மறுநாள் திரும்பி வரும். மீதி இருப்பது மூன்று பேர்: வால்வு கோளாறுள்ள நான், பஸ் டிரைவராக இருந்த செல்லையா மாமா, எங்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஜெபமணி சிஸ்டர். மாமாவுக்கு எண்பது வயது. நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள்.

வார்டில் எனக்குப் பொழுது போவதில்லை. அதனால் நடைவழிக்கு இந்தப் பக்கம் உள்ள கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறேன். எங்கள் நெஞ்சில் ஸ்டிக்கரால் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டிகள் அனுப்பும் துடிப்புக் கோடுகள் அதில் ஓடும். மேல் கோடு மாமாவுடையது. கீழ்க் கோடு என்னுடையது. மாமாவின் கோட்டில் முதலில் ஊசி மாதிரி ஒன்று எழும்பும். அது பேஸ்மேக்கர் கொடுக்கும் மின்சாரம், நிமிடத்துக்கு எழுபது தடவை. உடனே ஒரு மேடு வரும். அதுதான் இதயம். எந்திரம் ஊசியைத்தான் எண்ணும், நர்ஸ் மேட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லித்தந்திருக்கிறார்.

இன்று இன்டர்காமில் மாமா: "ஏட்டி அரசி, எழுபதுக்கு மேல வண்டி போவ மாட்டேங்கு. ஒங்க சிஸ்டரு ஸ்பீடு கவர்னர் மாட்டி வச்சிருக்கா."

சிஸ்டர்: "அவரு ஓட்டுன லட்சணத்துக்கு இதுவே ஜாஸ்தி மக்ளே."

திங்கள், பகல் 12.05

வானிலிருந்து விழுந்த கல் ஒன்று நடைவழியைத் துளைத்துவிட்டது. இரண்டு பக்கக் கதவுகளும் தாமாகவே மூடிக்கொண்டன. நடுவில் காற்று இல்லை. நான் இந்தப் பக்கம். அவர்கள் இருவரும் அந்தப் பக்கம். யாருக்கும் காயமில்லை. ஆனால் வார்டுக்குப் போகும் காற்றுக் குழாய் உடைந்துவிட்டது. அங்கே இருப்பது ஓர் ஆக்சிஜன் எந்திரம், ஒரு மாஸ்க். சூரிய மின்சாரமும் போய்விட்டது. பேட்டரி மட்டும் ஓடுகிறது. சுவிட்சுகள் என் அறையில் இருக்கின்றன.

என் துடிப்பு நூற்றுப் பதினெட்டு. சிஸ்டர் அதை வார்டிலிருந்த சின்னத் திரையில் பார்த்துவிட்டார்.

"ஒக்காரு மக்ளே. தண்ணி குடி. கேட்டியா, சும்மா கெடந்த பெட்டிய எடுத்து எனக்கே ஒட்டிக்கிட்டேன். ஒன் திரையில வந்திருக்கும் பாரு. இனி நீ நர்ஸ், நாங்க ரெண்டு பேரும் பேஷண்ட்."

மூன்றாவது கோடு வந்தது. ஊசி இல்லை. சின்னச் சின்ன மேடுகள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் நெருங்கி, விடும்போது கொஞ்சம் விலகி. எண்பத்து நான்கு. என் ஜன்னல் வழியே வார்டு ஜன்னலின் மஞ்சள் வெளிச்சம் தெரிகிறது. ஆட்கள் தெரியவில்லை.

திங்கள், மாலை 4.30

பூமியில் உள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து சுகந்தன் அண்ணா பேசினார். இன்டர்காமில் யார் என்ன பேசினாலும் அவருக்குக் கேட்கும். கோடுகள் அவருக்குத் தெரியாது. எண்கள் மட்டும்தான் போகும்.

"அரசி, கவனமா கேளுமா. பேட்டரி ரொம்ப கம்மி. மாஸ்க் சிஸ்டருக்கு மட்டும்தான். சிஸ்டர் இருக்கிற வரைக்கும் வார்டுக்கு கரண்ட் குடு. மூணாவது நம்பர் நின்னா, மொத்தத்தையும் உன் ரூமுக்கு மாத்திடு. இது ஆர்டர்."

மாமாவுக்கு என்ன என்று கேட்டேன். அண்ணாவின் பதில்: "அவருக்கு எண்பது வயசும்மா."

சிஸ்டர்: "வயசு ஃபைல்ல இருக்கு சார். எனக்கு அவரு பெட் நம்பர் ஒண்ணு."

மாமா: "விடுங்க சிஸ்டர். டிப்போவுக்குப் போற வண்டியில ஆள் ஏத்த மாட்டாவ."

அதற்குப் பிறகும் அவர்கள் மாஸ்க்கை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது கோட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். மாமாவின் முறை வரும்போதெல்லாம் சிஸ்டரின் மேடுகள் நெருங்கின.

செவ்வாய், காலை 7.40

ஒரு நர்ஸ் போய் அடுத்தவர் வரும்போது ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைப்பதை 'ஓவர் கொடுப்பது' என்பார்கள். சிஸ்டர் இன்று எனக்கு ஓவர் கொடுத்தார். அதற்கு முன் மூன்றாவது கோடு நூற்று முப்பத்திரண்டு. பிறகு சற்று நேரம் அந்தக் கோடே இல்லை. சொற்களைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

"பெட் ஒண்ணு, செல்லையா. காலமாயிட்டாவ. பெட்டிய கழத்தியாச்சு. மூணு, ஜெபமணி. எழுவது. சீரா இருக்கு. இனி பேசமாட்டேன், மூச்சு செலவாவும். டியூட்டி ஒனக்கு மக்ளே. கோட்ட நல்லா பாரு, என்ன."

மேல் கோட்டில் 'இணைப்பு இல்லை' என்று வந்தது. நான் அழுதேன். பிறகு, டியூட்டியில் இருப்பதால், முகத்தைத் துடைத்துக்கொண்டு கோட்டைப் பார்த்தேன்.

மூன்றாவது கோட்டில் ஊசி இருந்தது. ஊசி, மேடு. ஊசி, மேடு.

சிஸ்டருக்குப் பேஸ்மேக்கர் கிடையாது.

தன் பெட்டியைக் கழற்றி மாமாவின் நெஞ்சில் ஒட்டியிருக்கிறார். மாஸ்க்கையும் அவருக்கே போட்டிருக்கிறார். மாமா உயிரோடு இருக்கிறார். சொன்ன பொய் பூமிக்கு, மூன்றாவது எண் நின்றால் வார்டுக்கு மின்சாரம் நின்றுவிடும் என்பதால். எனக்கு உண்மையைத் திரையில் அனுப்பியிருக்கிறார், நான் படித்துவிடுவேன் என்று நம்பி.

"சிஸ்டர், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்டாலும் சுகந்தன் அண்ணாவுக்குப் புரிந்துவிடும். பதில் இல்லை. மாஸ்க் இல்லாமல் ஒருவர் அந்தக் காற்றில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். தெரியாது என்று எழுதத்தான் ஆசை. தெரியும்.

செவ்வாய், பகல் 2.15

சுகந்தன் அண்ணா: "சிஸ்டர் எப்படிம்மா இருக்காங்க?"

நான்: "நல்லா இருக்காங்க அண்ணா. தூங்குறாங்க."

இது பொய். நான் சொன்ன பொய் என்று இங்கே பதிவு செய்கிறேன்.

வார்டு எந்திரம் நிற்காமல் ஓடவேண்டும் என்பதற்காக என் அறை ஹீட்டரை அணைத்துவிட்டேன். இரண்டு போர்வை. விரல்கள் மடங்கவில்லை, அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

ஒரே ஒரு தடவை மாமா பேசினார், மாஸ்க்குக்குள்ளிருந்து, மிக மெல்லிய குரலில். "ஏட்டி... சிஸ்டரு நல்லா தூங்குறா. எழுப்பாண்டாம்."

அவ்வளவு மெல்லிய குரல் பூமிக்குக் கேட்கவில்லை போலும். யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. நான் "சரி" என்று மட்டும் சொன்னேன்.

புதன், காலை 10.20

வண்டி புறப்பட்டுவிட்டதாம். மாலைக்குள் வரும். நான் மாமாவுக்குப் பாடப்புத்தகத்தை வாசிக்கிறேன். பூமிக்கு, சிஸ்டருக்கு வாசிப்பதாகச் சொன்னேன். இன்னொரு பொய்.

மேடுகள் அகலமாகி, தாழ்ந்துவிட்டன. இப்போது ஓர் ஊசிக்குப் பின்னால் மேடு வரவில்லை. அடுத்ததற்கு வந்தது.

புதன், 12.50

ஊசி. ஊசி. ஊசி.

எண் எழுபது.

மாமா என்று கூப்பிட்டேன். சிஸ்டர் என்று கூப்பிட்டேன். ஸ்டிக்கர் பிய்ந்திருக்குமோ. இல்லை, பிய்ந்தால் ஊசியும் வராது.

சுகந்தன் அண்ணா: "சிஸ்டர் எழுபதுலயே ஸ்டெடியா இருக்காங்க, பாத்தியா. இன்னும் கொஞ்ச நேரம்தான்மா."

வண்டி வரும்வரை இப்படியே விடலாம். யாருக்கும் தெரியாது. ஜன்னலில் வெளிச்சம் இருக்கும். அங்கே யாரோ இருப்பது போல இருக்கும்.

புதன், 1.20

சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அது மாமாவோட நெஞ்சு. சிஸ்டர் நேத்து காலையிலயே போயிட்டாங்க. இப்ப மாமாவும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

"நம்பர் எழுபது காட்டுதேம்மா."

"அது எந்திரம் அண்ணா. உள்ள யாரும் இல்ல."

ஹீட்டரை அணைத்து வைத்திருப்பதையும் சொன்னேன். ஹீட்டரைப் போடு என்றார் அவர். பிறகு மறுபடியும் அதையே சொன்னார்.

ஹீட்டருக்கு மின்சாரம் வேண்டுமென்றால் வார்டு சுவிட்சை இறக்கவேண்டும். இரண்டு கைகளாலும் இறக்கினேன். என் துடிப்பு நூற்று இருபத்தாறு. அதைப் பார்க்க இங்கே வேறு யாரும் இல்லை. எதிர் ஜன்னல் கறுப்பு.

வார்டு விளக்குகள் அணைக்கப்பட்டன.