ஒன்பதாம் பாகத்தில் தம்பியின் குரல்

குறிஞ்சிப்பிட்டி,
14.09.2019

அன்புள்ள டிலக்‌ஷனுக்கு,

மாதாவின் துணையால் இத்தாலியில் சுகமாக இருப்பாய். என் போன் இலக்கத்தை நீ தடுத்துவிட்டதால், உன் அம்மாவிடம் முகவரி வாங்கி இதை எழுதுகிறேன். அவருக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. இங்கே இன்னும் மழை இல்லை.

நாம் குரல் கொடுத்த பேய் ஒலிநாடகத்தின் ஒன்பதாம் பாகத்தை ஊரே போனில் கேட்கிறது. நாடகத்தில் நீ பேயே இல்லையென்று துப்புத் துலக்குகிறவன். நான் செத்தவர்களின் குரல் கேட்கிற பெண். வெளியில் உன்னை முழுதாக நம்பியவளும் நானே. அதனால்தான் என் போன் பழுதானபோது, தம்பி நிலுக்சன் கடலிலிருந்து கடைசியாக அனுப்பிய குரல் பதிவை உன் கணினியில் பத்திரப்படுத்தச் சொன்னேன். உச்சமுனைக்கு அப்பால் மீன்பிடிக்கப் போனவனின் உடல்கூடக் கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

அந்தக் குரலை ஆவியின் குரலாக வைத்துவிட்டாய். "அக்கா, எஞ்சின் நிண்டுபோச்சு. எப்படியும் கரைக்கு வந்துடுவன்." அதன் பின்னால், ஐந்தாம் பாகத்தில் ஒரு கிழட்டுப் பேயை நான் விரட்டிய வசனத்தை ஒட்டிவிட்டாய். "இஞ்ச வராத. போ!"

என் அம்மா அதைப் பக்கத்து வீட்டு றம்லாவின் போனில் கேட்டார். நேரே என்னிடம் வந்து, "புள்ள வாறனெண்டு சொல்லுறான். நீ ஏன்டி போகச் சொன்ன?" என்றார். வெட்டி ஒட்டியது என்று எவ்வளவோ சொன்னேன். "உன்ட குரல் எனக்குத் தெரியாதா?" என்றார்.

அன்றிலிருந்து நான் சமைப்பதை அம்மா தொடுவதில்லை. றம்லா கொடுக்கும் பாணைத் தேத்தண்ணீரில் நனைத்துத் தின்கிறார். பின்னேரங்களில் கரையில் நின்று, "அவள் சொன்னதக் கேளாத, வா மகன்" என்று கூப்பிடுகிறார்.

நீக்கச் சொன்னதற்கு நீ எழுதினாய்: "இதத்தான் கனபேர் கேக்குறாங்க. உன்ட நடிப்பும் நல்லாயிருக்கு."

இப்போது நீக்கச் சொல்லவில்லை. போன கிழமை றம்லா அதைப் போட மறுத்ததும் அம்மா சுவரில் தலையை மோதிக்கொண்டார். மகன் குரல் வேண்டுமென்றால், நான் அவனை விரட்டுவதையும் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

முழுப் பதிவு உன்னிடம் மட்டுமே உண்டு. "அம்மாவ நல்லாப் பாத்துக்க அக்கா" என்று அவன் முடிப்பதை நீ வெட்டிவிட்டாய். அதை அனுப்பு. மன்னிப்பெல்லாம் வேண்டாம். அம்மா ஒருதரம் கேட்கட்டும்.

உன் அம்மா உன் குரலை நாள்தோறும் கேட்க ஆண்டவர் அருளட்டும்.

இப்படிக்கு,
கத்தரினா