பின்லாந்துக்கும் அட்டை சேர்த்தேன்

வெள்ளிக்கிழமை, இரவு.

மேனேஜர் பேசியது மனதை விட்டுப் போகவில்லை. பின்லாந்தும் ஸ்வீடனும் ஏற்றுமதி செய்த காகிதத்தின் அளவை ஒப்பிட்டு அவர் ஒரு பார் சார்ட் படம் போட்டிருந்தார். அதைச் சரிபார்ப்பது என் வேலை. ஸ்வீடன் எக்கச்சக்க உயரத்தில் நின்றது. தோண்டிப் பார்த்தால், ஸ்வீடனுக்கு மட்டும் பெட்டி செய்யும் அட்டையின் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

அவரிடம் போனில் சொன்னேன். "இன்னாம்மா நீ, காயிதம் இன்னா, அட்டை இன்னா, எல்லாம் ஒண்ணுதான். காலைல கஸ்டமர் கம்பெனிக்குக் காட்டணும். ஓகேன்னு போட்டு அனுப்பு" என்றார். நான் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

ஆனால் ஓகே போடவில்லை. லேப்டாப்பைத் திறந்து பின்லாந்துக்கும் அட்டையைச் சேர்த்தேன். படமே மாறிவிட்டது; அந்தப் பெரிய வித்தியாசம் காணோம்.

பக்கத்தில் கொட்டை எடுக்கப் புளி தட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கேட்டார்: "வேல போய்ட்டா இன்னா பண்ணுவ?"

"உங்களோட ஒக்காந்து புளி தட்டுவேன். ஒருத்தர் புளிய கொட்டையோட, இன்னொருத்தர் புளிய கொட்ட எடுத்துட்டு நிறுத்தா, எது ஜாஸ்தின்னு கேப்பீங்களா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிய படத்தை மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பழையது தப்பு என்றும் எழுதினேன். அவர் பார்த்ததற்கான நீல டிக் இன்னும் வரவில்லை. வரட்டும். அனுப்பியதை அழிக்கப்போவதில்லை.