பாதி வழியில் நிற்கும் பீரோ

பீரோவைத் தனியா நகர்த்தப் போன பயில்வானுக்கு,

சாப்பாடு சமையல் மேடை மேல இருக்கு. இடுப்பு பிடிச்சிருக்கறப்போ நீங்க குனியக் கூடாதேன்னு தட்டையும் அங்கயே வெச்சிட்டேன். படுத்தே கிடக்காம வீட்டுக்குள்ள நடங்க.

என்கிட்ட பிசியோதெரபிக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல நான் கேக்கறது, "இது சரியாயிடும்னு தோணுதா?" தோணுதுன்னு சொல்றவங்க பெரும்பாலும் சீக்கிரம் தேறிடுவாங்க. "இனி அவ்வளவுதான்"னு சொல்றவங்களுக்குத்தான் வலி மாசக்கணக்கா இழுக்கும். நேத்து நீங்க அதையே சொன்னீங்க. பயந்துட்டேன், அதான் கத்தினேன்.

சாயங்காலம் வந்து உங்ககிட்டயும் கேப்பேன். முனகாம பதில் சொல்லணும்.

பி.கு.: ரூம் நடுவுல நிக்கிற பீரோவுக்கு ஆள் கூப்பிடாதீங்க. அதோட மறுமுனையை அடுத்த மாசம் நீங்கதான் பிடிக்கப் போறீங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் அதைச் சுத்தியே போவோம்.