கிண்டியில் ஊற்றிய சோடா

அத்தான்,

இன்று காலை மருமகள் புளி போட்டு, மூக்குவைத்த அந்தக் கிண்டிச் செம்பைத் தேய்த்தாள். பித்தளையும் புளியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், மண்டைக்காட்டு வெயிலில் நீங்கள் தலையில் கைவைத்து நின்ற கோலம் கண்முன் வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம், நம் ஊர் கொட்டாரத்தில் நீங்களும் நானும் சோடாக் கம்பெனி தொடங்கினோம். ஊரே சிரித்ததே! "ஆரல்வாய்மொழி எல்லைச் சுங்கச்சாவடி தாண்டிச் சாமானம் வந்து சேருமுன்னே உசிரு போயிரும். திருவனந்தபுரத்துல போய்த் தொடங்குங்கடே" என்று வியாபாரிகள் புத்தி சொன்னார்கள். நீங்கள் அசையவில்லை. "சுத்திக் கடலு, காத்து பூரா உப்பு. இங்க தாகம் எடுக்காத ஆளு உண்டா மக்கா?" என்பீர்கள். உள்ளதை என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "எவனோ மணி அடிக்க, நான் எந்திரிச்சு ஓடணுமா? நம்மளால ஆவாதுடே."

ஆனால் சோடா விற்கவில்லை. பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்தில், மணியடித்தால் ஓடும் வேலை ஒன்று உங்களுக்குக் காத்திருந்தது. மண்டைக்காட்டு அம்மன் கோவில் மாசிக் கொடைத் திருவிழாவிலும் போணியாகாவிட்டால் மலையேறிவிடுவது என்று முடிவு. அக்கா அப்போது நிறைமாசம். பிள்ளை முகம் பார்க்க நீங்கள் எப்போது இறங்கி வருவீர்களோ என்று அவள் அழாத நாளில்லை.

கொடையன்று அங்கே நாம் போட்ட கடைமுன் பெண்கள் நாவறண்டு வந்து நிற்பார்கள், கோலிசோடாக் குப்பியைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை குப்பியையும் உடைத்திருப்பேன். நீங்கள்தான் ஓர் அம்மையை நிறுத்தி, ஏன் வாங்கவில்லை என்று கேட்டீர்கள்.

"கண்டவன் வாய் வச்ச குப்பியில நான் எப்படி வாய் வைக்க? விரதமாக்கும். அண்ணாந்து குடிக்கலாம்னா அந்தக் கோலி வந்து அடைக்கு."

"நாம என்ன மடையன்மாருடே!" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். பக்கத்தில் இருந்த அக்கா, தான் குடிக்கச் சீரக வெள்ளம் வைத்திருந்த கிண்டியைப் பிடுங்கிக் கவிழ்த்து, சோடாவை ஊற்றி நீட்டினீர்கள். அந்த அம்மை அண்ணாந்து, கிண்டி மூக்கிலிருந்து விழுந்ததை மடமடவென்று குடித்து, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்து மக்கா" என்றாள். பிறகு கூட்டம் விலகவே இல்லை. சாயங்காலத்துக்குள் சோடா தீர்ந்தது.

அக்கா மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"என்னட்டி, வித்தாலும் அழுகையா?" என்றீர்கள்.

"அப்போ மலைக்குப் போவண்டாம்லா?"

அப்பாடா! நெஞ்சில் கிடந்த பாரம் எனக்கும் அப்போதுதான் இறங்கியது.

இந்த ஊரில் தொழில் விளங்காது என்று இப்போதும் பயல்கள் வந்து புலம்புவார்கள். "ஊரு கெடக்கட்டும், வாங்காமப் போனவள நிறுத்திக் கேட்டியா?" என்பேன்.

உங்களுக்குப் பிறகு, அன்று அக்கா வயிற்றில் இருந்த உங்கள் மகள்தான் இப்போது நிர்வாகம். வேலையாட்களுக்கு ஒரு மணி வைக்கலாமா என்று போன வாரம் கேட்டாள். வேண்டாம் மக்கா என்றேன்.

நம் கம்பெனியில் இன்றும் மணி கிடையாது, அத்தான்.