ஒரு விரற்கடை இடம்

பிரியமுள்ள என் மச்சானுக்கு,

முகத்துவாரத்தில் உன் தோணி கவிழ்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இருக்கிற இடத்தில் நன்றாக இருக்கிறாயா? இங்கே மழை பத்து நாளாக விடவில்லை. எனக்கு மூன்று நாளாக உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அதனால்தான் எழுத்தாணியை எடுத்தேன்.

உன் பெண்சாதி, என் தங்கை தனம், இப்போது கோட்டைக்குப் பக்கத்தில் ஒல்லாந்தக்காரத் துரை வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறாள். நீ இருந்தால் அனுப்பியிருப்பாயா? உப்புக்காற்றில் அந்த வீட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்து தொட்டிலுக்குள்ளேயே விழுந்ததாம். அதனால், தரைக்கென்று பெகு தேசத்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய தேக்குப் பலகையைச் சுவரிலும் கூரைக்கு அடியிலும் அடிக்கச் சொன்னார் துரை. தோணி கட்டுகிற என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஊரே சிரித்தது. "இன்னாடா, அந்த வூட்ல தலைகீழா நடப்பாங்களா?"ன்னு துறையில் கேட்காத ஆள் இல்லை.

வேலை அழகாகத்தான் வந்தது. முதலில் சட்டம் அடித்தேன். ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டிய நாக்கை அடுத்த பலகையின் காடிப் பள்ளத்தில் செருகி, ஆணித்தலை வெளியே தெரியாதபடி நாக்கிலேயே அடித்தேன். துரை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: மழைக்காலத்தில் மரம் ஊறி உப்பும், நாலு சுவரோரமும் ஒரு விரற்கடை இடம் விடு. அவர் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷி அதை மூன்று தரம் சொன்னான். நானும் மூன்று தரம் தலையாட்டினேன்.

விடவில்லை மச்சான். துரை அந்தப் பக்கம் போனதும் பலகையைச் சுவரோடு முட்ட வைத்து, மிச்ச இடுக்கில் தேங்காய்நாரைத் திணித்துக் குங்கிலியம் பூசிவிட்டேன், தோணிக்குப் பூசுவதுபோல. தோணியில் மரம் உப்பினால் நமக்கு நல்லது, இடுக்கு மூடிக்கொள்ளும். கூரையில் உப்பினால் அது எங்கே போகும்? இது எனக்குத் தெரியாதா? தெரியும். கைதான் கேட்கவில்லை.

முந்தாநாள் தனம் நனைந்துகொண்டே வந்தாள். "அண்ணா, மேல பலக வயித்தத் தள்ளிக்கினு நிக்குது. டக்கு டக்குன்னு சத்தம் வேற. இன்னா பண்ணி வெச்ச நீ?"

"மழ வுட்டா அடங்கிடும், போ"ன்னு சொன்னேன். பொய். அவள் பாய் விரிப்பதும் தொட்டில் ஆடுவதும் அந்தப் பலகைக்குக் கீழேதான். தெரிந்தே போகவிட்டேன்.

அவள் போன பிறகு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ போனதற்கு முந்தின நாள், உன் தோணியின் பின்பக்கத்துக் கடைசி இடுக்கை அடைத்தது நான்தான். பொழுது சாய்ந்துவிட்டது, நாரும் தீர்ந்துவிட்டது. ஒரு சாண் நீளத்துக்கு வெறும் குங்கிலியத்தை இழுத்துவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். நீ விடியலிலேயே கிளம்பிவிட்டாய். உன்னைக் கொண்டுபோனது அலையா, அந்த ஒரு சாணா? அன்றிலிருந்து என் கைக்கு ஒரு இடுக்கை விட்டுவைக்க முடியவில்லை.

நேற்று விடிந்ததும் உளியும் ரம்பமுமாக ஓடினேன். துரை முன்னால் நின்று இடம் விடாததை ஒத்துக்கொண்டேன். அவர் கத்தியதில் பாதியைத்தான் துபாஷி சொன்னான், நல்ல மனுஷன். தனத்தையும் குழந்தையையும் வெளியே அனுப்பிவிட்டு, நாரைப் பிடுங்கி, ஓரப் பலகையை அறுக்க ஆரம்பித்தேன். பாதி அறுப்பதற்குள் நடுப்பலகை ஒன்று கழன்று அவள் பாய் விரிக்கிற இடத்தில் விழுந்தது. ஏணியிலேயே உட்கார்ந்து அழுதேன் மச்சான்.

பிறகு அதை ஏற்றி அடித்தேன். இப்போது நாலு பக்கமும் ஒரு விரற்கடை இடம் இருக்கிறது. முதலில் நான்தான் கீழே படுத்துப் பார்த்தேன். சத்தமில்லை. தனம் வந்து எட்டிப் பார்த்து, "உன் கை பட்டப்புறம் எனக்கு இன்னா பயம், அண்ணா?"ன்னாள். அந்த வார்த்தைதான் என்னை இன்னும் உட்காரவிடாமல் அடிக்கிறது.

மழை விடட்டும் என்று தள்ளிப்போடமாட்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. இன்று சாயங்காலம் அவள் வந்ததும் இந்த ஓலையை முதல் எழுத்திலிருந்து நானே படித்துக் காட்டுவேன், அந்த ஒரு சாணையும் விடாமல். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
இன்று சாயங்காலம் வரைக்குமாவது அவளுக்கு அண்ணன்,
என்றைக்கும் உனக்கு மச்சான்.