பேஜாரு புள்ளிகள்

அன்பு யூசுப்,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. கோவளம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன். நீ என்னை நன்றாகத் திட்டியிருப்பாய், அதோடு முடிந்திருக்கும். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் இதை மட்டும் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் டிபார்ட்மென்ட் செய்தி. நாம் இருவரும் ஆராய்ச்சி மாணவர்களாக ஐந்து வருடம் குப்பை கொட்டிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இப்போது கம்ப்யூட்டர் லேப். இயற்பியலுக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்று டேட்டா சயின்ஸ் கொண்டுவந்துவிட்டார்கள். உன் வேக்குவம் பம்ப் நடைபாதையில் கிடக்கிறது, அதன்மேல் யாரோ தினமும் டிபன் டப்பா வைக்கிறார்கள். அங்கே பாடம் எடுப்பது யார் தெரியுமா? நான்தான். இனிமேல் கணக்குப் போடுகிறவனுக்குத்தான் காலம், அளந்து பார்க்கிறவனுக்கு இல்லை என்று உன்னிடம் சவால் விட்டேனே, ஜெயித்துவிட்டேன். இந்த ஜெயிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீ மெல்லிய உலோகப் படலத்தைக் குளிர்வித்துக்கொண்டே போய் அதன் மின்தடையை அளப்பாய். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று என் புரோகிராம் ஒரு கோடு போட்டுக் காட்டும். என் புரோகிராம் என்பதுகூடப் பெருமைக்குத்தான். சீனியருக்கு அவருடைய சீனியர் கொடுத்து, பென் டிரைவில் என் கைக்கு வந்தது. ஓடுகிறதா, ஓடட்டும். திறந்து பார்ப்பது ஏதோ மரியாதைக் குறைவு என்பது மாதிரி இருந்தோம்.

குளிர் கூடக் கூட உன் புள்ளிகள் என் கோட்டை விட்டுக் கீழே இறங்கின. தொல்லை கொடுத்த அவற்றுக்கு நீ வைத்த பெயர் பேஜாரு புள்ளி. நோட்டில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘பே’ என்று எழுதுவாய்.

“இன்னா மச்சான், எத்தினி தபா எடுத்தாலும் அங்கயேதான் வந்து நிக்குது. உன் புரோகிராம ஒருதபா தொறந்து பாரேன்” என்றாய்.

“மெஷின் பொய் சொல்லாதுடா. உன் கை சரியில்ல” என்றேன்.

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! பேஜாரு புள்ளிகளை அடித்துவிடச் சொன்னேன். அவை இல்லாமல் நம் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. கொஞ்ச நாளில் நீ ஆராய்ச்சியை முடிக்காமலே விட்டு சிறுசேரியில் சாப்ட்வேர் வேலைக்குப் போனாய். நான் தடுக்கவில்லை, நல்ல முடிவு என்றுகூடச் சொன்னேன். அந்த வேலையிலிருந்து கம்பெனி காரில் திரும்பும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய்.

போன மாதம் வகுப்புக்காக அந்தப் பழைய புரோகிராமைப் புதிய மொழிக்கு மாற்றினேன். இப்போது அதையும் ஒரு மெஷினே செய்துவிடுகிறது. சொன்னதைச் செய்தது, பிழையையும் அப்படியே மாற்றிக் கொடுத்தது. பாடம் நடத்த வேண்டுமே என்று முதன்முறையாக வரிவரியாகப் படித்தேன். எவ்வளவு குளிரைக் கொடுத்தாலும் ஒரு வரி மட்டும் அறை வெப்பநிலையையே எடுத்துக்கொள்கிறது. யாரோ எப்போதோ சோதித்துப் பார்க்கப் போட்ட எண், எடுக்க மறந்துவிட்டார்கள்.

திருத்தி ஓட்டினேன். கோடு கீழே வளைந்தது. நீ விட்டுப்போன நோட்டை எடுத்து ‘பே’ போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்தேன். பதினேழு புள்ளிகளும் கோட்டின்மேல் உட்கார்ந்தன. நடைபாதைக்கு வந்து அழுதேன் யூசுப். பிள்ளைகள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோவளத்துக்குப் போய் நஸ்ரீனிடம் சொன்னேன். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள் உன் மனைவி. உன் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அதுதான். அந்தக் கட்டுரையை ஆய்விதழிலிருந்து திரும்பப் பெற வேண்டும் என்றேன்.

“இன்னாண்ணே சொல்றீங்க? அவுரு தப்பா பண்ட்டாரா?”

“இல்லம்மா. அவன் சரியாத்தான் அளந்தான். நான்தான் நம்பல.”

டிவிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அது அவுருக்குத் தெரியுமாண்ணே?”

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

“வூட்ல ஒரு பல்பு மாட்டணும்னாகூட, என் கை சரியில்ல, ஆளக் கூப்புடுன்னுவாரு. வெளையாட்டுக்கு சொல்றாருன்னு நெனச்சினு இருந்தேண்ணே.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

யாரும் படிக்காத கட்டுரை, எதற்குக் கிளறுகிறாய் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். அளவுகளை உன் பெயரில் தனியாக அனுப்பப் போகிறேன், போடுவார்களா தெரியாது. போடாவிட்டால் உன் பெயர் எங்கேயும் இருக்காது. அதற்குத்தான் பயந்து ஒரு மாதம் சும்மா இருந்தேன்.

நாளைக் காலையில் ஆய்விதழுக்கு எழுதிவிடுகிறேன். திரும்பப் பெறும் படிவத்தில் காரணம் என்று ஓர் இடம் இருக்கிறது. ‘மென்பொருள் பிழை’ என்று போட்டால் போதுமாம், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்களாம். நான் அப்படிப் போட மாட்டேன். யூசுப் சரியாக அளந்தான், ரகுராமன் அதை அடிக்கச் சொன்னான் என்று எழுதுவேன். இது சத்தியம்.

உன்னை நம்பாமல் போன மச்சான்,
ரகு